கதை எங்கே தொடங்குகிறது: ஆளிடமா, நிலைமையிலா?

ஒரு அடகுக் கடை. காலை பத்தரை மணி. ஒரு பெண் முந்தானையில் முடிந்து வைத்திருந்த சங்கிலியை அவிழ்த்துக் கண்ணாடி மேசை மேல் வைக்கிறாள். தாலியை முந்தின நாள் ராத்திரியே கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாயிற்று. கடைக்காரர் சங்கிலியை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார். உரைகல்லை எடுத்து ஒரு கோடு இழுக்கிறார். சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு ஆசிட். கோடு கரைந்து போகிறது. வேறொரு கண்ணியை உரைத்துப் பார்க்கிறார். அதுவும் கரைகிறது.

"இது கவரிங்மா" என்கிறார்.

என் கையில் இருப்பது இவ்வளவுதான். இது கதையா? கேட்டவர்களெல்லாம் "அப்புறம்?" என்று கேட்டார்கள். அந்த "அப்புறம்" வந்துவிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அழுவாளா, சண்டை போடுவாளா, பேசாமல் சங்கிலியை எடுத்துக்கொண்டு போவாளா, எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கதை எழுதத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முதலில் ஆளை யோசிப்பதா, நடக்கப்போவதை யோசிப்பதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. எழுதிப் பழக்கமில்லாதவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைச் சரிசெய்துகொள்வோம்.

நிலைமை என்று நான் சொல்வது சம்பவத்தை அல்ல. மழை பெய்தது, பஸ் வரவில்லை என்பது சம்பவம். கடைசி பஸ் போய்விட்டது, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், கையில் ஆட்டோவுக்குக் காசில்லை என்றால் அது நிலைமை. ஒருவர் இருக்கிற இடத்தில் அப்படியே இருந்துவிட முடியாமல் பிடித்துத் தள்ளுகிற நெருக்கடி அதில் இருக்கும். ஏதாவது செய்தே ஆக வேண்டும், எதைச் செய்தாலும் ஒரு விலை உண்டு. சினிமாவில் கதை விவாதத்துக்கு உட்காரும்போது "நாட்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நம் பழைய சொல் முடிச்சு.

பாத்திரம் என்பதையும் இதேபோல் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மாநிறம், ஐந்தரை அடி உயரம், சொந்த ஊர் கோவில்பட்டி, காபி பிடிக்கும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால் பாத்திரம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அது அடையாள அட்டை. ஒருவரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது, எதை அவரால் விட்டுக்கொடுக்கவே முடியாது என்பது. சிலருக்கு அது மானம், சிலருக்குப் பிள்ளை, சிலருக்கு வெறும் ஒரு வைராக்கியம். அது தெரிந்துவிட்டால் உயரமும் நிறமும் தாமாக வந்துவிடும், வராவிட்டாலும் பரவாயில்லை.

சரி, அடகுக் கடைக்குத் திரும்புவோம். அந்த இடத்தில் மூன்று பேரை நிறுத்திப் பார்க்கலாம்.

முதலாமவள் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனவள். சங்கிலி அப்பா போட்டது. கடையை விட்டு வெளியே வந்து போனை எடுக்கிறாள். சங்கிலியை மாற்றியது கணவனாக இருக்கலாம். அல்லது கல்யாணத்தன்று அப்பா போட்டதே கவரிங்காக இருக்கலாம். யாருக்கு முதலில் போன் செய்வாள்? அப்பாவின் முகம் நாலு பேர் முன்னால் வாடுவதை எந்தக் காலத்திலும் தாங்காதவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் இரண்டு பேருக்குமே போன் செய்ய மாட்டாள். அப்பாவைக் கேட்டு அவர் ஒரு நொடி தயங்கிவிட்டால் அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் மிஞ்சாது. அந்த ஒரு நொடியைத் தள்ளிப்போடுவதற்காகக் கணவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே குடித்தனம் நடத்துவாள். இது ஒரு கதை.

இரண்டாமவளுக்கு ஐம்பது வயது. இதே சங்கிலியை இதே கடையில் பல தடவை வைத்து மீட்டவள். ஆக அது தங்கமாகத்தான் இருந்தது. நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். வீட்டில் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் ஒருத்தன்தான். அவள் கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே, "பாரு, அவசரத்துல மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்" என்கிறாள். வீட்டுக்குப் போய் மகனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைக்கிறாள். அவன் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது வேறு கதை.

மூன்றாமவளுடன் மாமியாரும் கடைக்கு வந்திருக்கிறார். சங்கிலியை மாற்றியது இவளேதான், தம்பியின் படிப்புக்காக. அது இவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கடைக்காரர் கல்லை எடுக்கும்போது ஆசிட் தீர்ந்துபோயிருக்கக் கூடாதா என்று இவள் மனம் வேண்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையில் கல்லில் கோடு இழுக்கும் அந்தச் சில நொடிகளே பல பக்கங்களுக்கு நீளும். மற்ற இரண்டிலும் அது ஒரு வரி.

நிலைமை மூன்றிலும் ஒன்றே. ஆள் மாறியதும் கதை எங்கே வேகமாகப் போக வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும், யார் எதிரி, எப்போது முடியும் என்பதெல்லாம் மாறிவிடுகிறது. கதையின் நடையைக்கூட ஆள்தான் தீர்மானிக்கிறார்.

இந்த இடத்தில் நம் பழைய இலக்கணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. 'சுட்டி ஒருவர் பெயர் கொளப்பெறாஅர்' என்று தொல்காப்பியம் கறாராகச் சொல்லிவிடுகிறது. அப்படியானால் அகப்பாட்டு நிலைமையிலிருந்து தொடங்குகிறது என்றுதானே தோன்றும்? பொருள்தேடப் போனவன் திரும்பவில்லை, கார்காலம் வந்துவிட்டது, ஊர் அலர் தூற்றுகிறது. எல்லாம் நிலைமைகள். ஆனால் குறுந்தொகையைப் பிரித்து, பாட்டோடு சேர்ந்து வரும் சிறு குறிப்பைப் பாருங்கள். பிரிவு தாங்காத தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது என்று இருக்கும். என்ன நிலைமை என்பதோடு யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் உடனே வந்துவிடுகிறது. நிலைமையைத் துறை என்றும், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைக் கூற்று என்றும் சொல்கிறோம். பெயர் இல்லாவிட்டாலும் ஆள் இருக்கிறாள். அவள் தோழியிடம் பேசும் குரல் வேறு, தோழி தலைவனிடம் பேசும் குரல் வேறு. துறையும் கூற்றும் சேர்ந்தால்தான் பாட்டு என்று இருந்திருக்கிறது. சிறுகதை எழுத வருகிற ஒருவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மறுபக்கம். எனக்கு ஒருவர் கிடைத்தார், நிலைமை எதுவும் இல்லாமல், தனி ஆளாக. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சபாபதி என்று பெயர் வைத்தேன். இருட்டில் விரல் நுனியால் தடவியே எத்தனை ரூபாய் நாணயம் என்று சொல்லிவிடுவார். வேலையில் இருந்தபோது டிக்கெட்டின் பின்னால் மீதிச் சில்லறையை எழுதிக் கொடுத்தால், கொடுத்து முடிக்கும் வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. இரண்டு ரூபாய் பாக்கியை வாங்காமல் இறங்கிவிட்ட ஒரு பாட்டிக்குப் பின்னால், விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டு ஓடியிருக்கிறார். இப்போது வீட்டில் ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். பால், கீரை, வெற்றிலை எல்லாம் ஏறும். காய்காரர் சும்மா கொடுத்த கறிவேப்பிலைகூட ஏறும். 'கறிவேப்பிலை - இனாம்' என்று எழுதுவார்.

அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பன்னிரண்டு பக்கம் எழுதினேன். எழுந்தார், பல் துலக்கினார், நோட்டை எடுத்தார், பழைய நாட்களை நினைத்தார், மறுபடி நோட்டை எடுத்தார். பன்னிரண்டாம் பக்கத்திலும் அவர் முதல் பக்கத்தில் இருந்த அதே சபாபதிதான். எதுவும் அவர் மேல் வந்து மோதவில்லை. அந்தத் தாள்களை உறையில் போட்டு வைத்துவிட்டேன். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கேள்வி புதிதல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே அரிஸ்டாட்டில் கவிதையியலில் துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேசும்போது, கதைப்பின்னல்தான் அதன் உயிர், பாத்திரம் அதற்கு அடுத்ததுதான் என்று சொல்லிவிட்டார். அதை நெடுங்காலம் யாரும் அதிகம் மறுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்காரர்கள் வந்தபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் தனக்குக் கதை எப்படி வருகிறது என்று நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸிடம் சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு ஆள் அல்லது சில ஆட்கள் கண்ணெதிரே வந்து நிற்பார்களாம். அவர்களை வெளிக்கொண்டுவரத் தோதான உறவுகளையும் நிலைமைகளையும் தேடுவதுதான் அதன்பிறகு அவருக்கு வேலை. உங்கள் கதைகளில் கதையே போதவில்லை என்று பிறர் குறை சொன்னதையும் அவர் அறிந்தே இருந்தார். ஜேம்ஸ் தன்னுடைய 'த போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' நாவலுக்கு 1908இல் எழுதிய முன்னுரையில் இதைச் சொல்லி, தானும் அப்படித்தான், ஒரு இளம் பெண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அந்த நாவலைத் தொடங்கியதாக எழுதுகிறார். அவள் என்ன செய்யப்போகிறாள் என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்துதான் அவ்வளவு பெரிய நாவல்.

அதே ஜேம்ஸ் 1884இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆளையும் சம்பவத்தையும் இப்படிப் பிரித்துப் பேசுவதையே சந்தேகிக்கிறார். சம்பவத்தைத் தீர்மானிப்பது பாத்திரம், பாத்திரத்தைக் காட்டித் தருவது சம்பவம், இதில் எதைத் தனியே எடுப்பது என்பது அவர் வாதம். ஆளிலிருந்து தொடங்கியவரே இப்படிச் சொல்வதை நாம் கவனிக்க வேண்டும்.

எதிர்முனையில் நிற்பவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங். எழுத்துக்கலை பற்றி அவர் எழுதிய நூல் 2000இல் வந்தது. தனக்கு முதலில் வருவது நிலைமைதான், ஆட்கள் ஆரம்பத்தில் தட்டையாகத்தான் இருப்பார்கள் என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். லண்டனுக்கு விமானத்தில் போகும்போது கண்ட ஒரு கனவிலிருந்து அவருடைய 'மிசரி' நாவல் பிறந்தது. ஒரு எழுத்தாளன், மனநிலை பிறழ்ந்த ஒரு வாசகியின் பிடியில் சிக்கிக்கொள்கிறான். அவர் முதலில் யோசித்த முடிவில் அந்த எழுத்தாளன் செத்துப்போகிறான். எழுத எழுத அவன் தான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரனாக இருந்தான், தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடினான், முடிவு மாறிவிட்டது என்கிறார். நிலைமையோடு தொடங்கியவரின் முடிவை ஆள் வந்து மாற்றிவிட்டான். அவர் அதற்கு இடம் கொடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த மாதிரி வெளிநாட்டு உதாரணங்களை எத்தனை சொன்னாலும், எனக்கு இந்தப் பாடத்தைப் புரியவைத்தது ஜெயகாந்தன்தான். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாள், பஸ் நிறுத்தத்தில் தனியே நிற்கும் கல்லூரி மாணவி, காரில் வந்து ஏற்றிக்கொள்ளும் ஒருவன். அவளுக்கு நேரக்கூடாதது நேர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். கதை அதுவரை நிலைமையின் கையில் இருக்கிறது. எந்த எழுத்தாளரும் யோசிக்கக்கூடிய நிலைமைதான் அது, செய்தித்தாளில் வருவதுதான். ஆனால் அந்த அம்மா முதலில் அடித்து அரற்றினாலும், அக்கம்பக்கத்தார் காதுக்கு விஷயம் போகாமல் மறைத்து, மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தக் கதை எழுப்பிய சர்ச்சையெல்லாம் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். மழையைப் பற்றியோ காரைப் பற்றியோ யாரும் சண்டை போடவில்லை.

பிறகு ஜெயகாந்தன் செய்தது, கதை எழுதுகிற ஒவ்வொருவரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய காரியம். அதே மழை, அதே கார், அதே பெண். அம்மாவை மட்டும் மாற்றினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அந்தத் தாய் வாய்விட்டு அலறிவிடுகிறாள். விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். மாமா ஒருவரின் தயவில் படித்து, வேலைக்குப் போய், பெரிய பதவியில் உட்கார்ந்து, கல்யாணம் இல்லாமல், அந்த ஒரு ராத்திரியின் நிழலிலேயே வாழ்கிறாள் கங்கா. 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையே நாவலுக்குள் ஒரு பாத்திரம் எழுதிய கதையாக வந்து, அதைப் படித்துவிட்டுத்தான் கங்காவின் வாழ்க்கை அடுத்த திருப்பத்துக்குப் போகிறது. அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

நான் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த நாளை மறக்க மாட்டேன். சிறுகதை சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அந்த அம்மா அந்த மாதிரி மனுஷி என்பதால் கதை அங்கேயே முடிய முடிந்தது. அம்மா வாயைத் திறந்து அலறியதும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் தேவைப்படுகின்றன. ஆக, இது சிறுகதையா நாவலா என்பதைக்கூட நிலைமை தீர்மானிக்கவில்லை. அந்த நிலைமைக்குள் நின்ற ஒரு அம்மாவின் சுபாவம் தீர்மானித்திருக்கிறது. அதுவும் கதாநாயகியின் சுபாவம்கூட இல்லை, பக்கத்தில் நின்றவளுடையது! புதிதாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் நாயகனுக்கு மட்டும் குணம் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கதவு திறந்துவிட வைத்துக்கொள்கிறார்கள்.

டால்ஸ்டாயிடமும் இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 1870இல் அவர் மனைவி சோபியா குறித்து வைத்திருக்கிறார்: மேல்குடியைச் சேர்ந்த, திருமணமான, தன்னையே அழித்துக்கொண்ட ஒரு பெண் தன் மனதில் உருவாகியிருப்பதாகவும், அவளைக் குற்றவாளியாக அல்லாமல் இரக்கத்துக்குரியவளாகக் காட்ட வேண்டும் என்றும் கணவர் சொன்னதாக. ஆள் வந்துவிட்டாள், கதை வரவில்லை. 1872 ஜனவரியில் பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டில் இருந்த ஒரு பெண், அவரால் கைவிடப்பட்டு, அருகிலிருந்த ரயில் நிலையத்தில் சரக்கு ரயில் முன் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் போய் அந்த உடலைப் பார்த்தார். மறு வருடம் 'அன்னா கரீனினா'வை எழுதத் தொடங்கினார். மனதில் இருந்த ஆளும் தண்டவாளத்தில் பார்த்த நிலைமையும் சேர மூன்று வருடம் பிடித்திருக்கிறது. இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. ஆரம்ப வரைவுகளில் அன்னா கவர்ச்சியோ நயமோ இல்லாத, கொஞ்சம் கொச்சையான பெண்ணாகத்தான் இருந்தாள். திருத்தி எழுத எழுதத்தான் நாம் அறிந்த அன்னா வந்தாள்.

இரண்டாவது உதாரணம் நேர் தலைகீழ். 1887இல் கோனி என்ற புகழ்பெற்ற சட்டவல்லுநர் டால்ஸ்டாயிடம் ஒரு வழக்கைச் சொன்னார். ஒரு விலைமாது மேல் திருட்டுக் குற்றச்சாட்டு. ஜூரியில் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞன் அவளைப் பார்த்துத் திடுக்கிடுகிறான். ஒரு காலத்தில் அவளைக் கெடுத்துக் கைவிட்டவன் அவனேதான். இந்த மாதிரி நிலைமை ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் பெரிது. உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் எழுதிவிடலாம் என்று நாம் நினைப்போம். டால்ஸ்டாய்க்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. 'கோனி சொன்ன கதை' என்றே அதைக் குறிப்பிட்டுக்கொண்டு, எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

எங்கே முட்டிக்கொண்டிருந்தது? 1895 நவம்பரில் நாட்குறிப்பில் அவரே எழுதுகிறார். நடந்துவிட்டு வந்தபோது தெளிந்ததாம்: தொடக்கமே பிசகு, அவளிடமிருந்து தொடங்க வேண்டும். அதுவரை கதை அவனுடைய மனசாட்சியைச் சுற்றிக்கொண்டிருந்தது. பாவம் செய்தவன், உறுத்தல், பிராயச்சித்தம். கதையில் அதிகம் இழந்தவளோ கூண்டில் நின்றுகொண்டிருந்தாள். 1899இல் அந்தக் கதை 'புத்துயிர்ப்பு' என்ற நாவலாக வெளிவந்தது. அது வசந்தகாலக் காலையில் சிறையிலிருந்து காட்யூஷா மாஸ்லவாவை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவதில்தான் தொடங்குகிறது. அவளைக் கைவிட்ட இளவரசன் நெஹ்லூதவ் அதற்கப்புறம்தான் தன் படுக்கையில் கண்விழிக்கிறான்.

அந்த நாட்குறிப்பு வரியை நினைத்தால் எனக்கு எப்போதும் தெம்பு வரும். டால்ஸ்டாய்க்கே ஆகும் என்றால் நமக்கும் ஆகும். நிலைமை அருமையாக இருந்தும் எழுத்து நகரவில்லை என்றால் ஆளைத் தவறாகப் பிடித்திருக்கிறோம் என்று சந்தேகப்படலாம். இந்த நிலைமையில் அதிகம் இழக்கப்போவது யார்? அவர் பக்கம் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எங்கே திணறுகிறோம் என்பதை வைத்தே நாம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். நிலைமையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு முதல் மூன்று பக்கம் ஓடும். நடுவில் வந்ததும் ஆட்கள் துணிக்கடைப் பொம்மைகள் மாதிரி நிற்பார்கள். எழுதுகிறவர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அடுத்த திருப்பத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். வாசகருக்கு உடனே தெரிந்துவிடும், "அவ ஏன் அப்படிப் பண்ணா?" என்று கேட்பார். "கதைக்கு அது வேணும்" என்பதைத் தவிர எழுதியவரிடம் பதில் இருக்காது. ஆளிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு நேர் எதிர் வியாதி. பேச்சு நன்றாக இருக்கும், ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும், ஆனால் பத்துப் பக்கமாகக் காபி ஆறிக்கொண்டிருக்கும்.

வகையைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். துப்பறியும் கதைக்காரர் பிணத்தை முதலில் கண்டுபிடித்தே ஆக வேண்டும். வாராவாரம் 'தொடரும்' போட வேண்டிய தொடர்கதைக்காரருக்கு நெருக்கடிகள் கைவசம் இருக்க வேண்டும். சிலருக்கு ஆளும் இல்லாமல் நிலைமையும் இல்லாமல் ஒரு இடமோ ஒரு காட்சியோதான் முதலில் வரும். பாட்டியின் சாவு வீட்டை ஜன்னல் வழியாகப் பார்க்க மரமேறிய ஒரு சின்னப் பெண், அவள் உள்ளாடையில் சேறு. தன்னுடைய ஒரு நாவல் இந்த ஒரு காட்சியிலிருந்து வந்ததாக வில்லியம் ஃபாக்னர் சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியிலும் ஒரு ஆளும் ஒரு நிலைமையும் ஏற்கனவே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். கீழே நின்று பார்த்த மற்ற பிள்ளைகள் ஏறவில்லை, அவள் ஏறினாள்.

ஆகவே எங்கே தொடங்குவது என்று யாராவது என்னைக் கேட்டால், கையில் எது இருக்கிறதோ அதிலேயே தொடங்குங்கள் என்பேன். ஆனால் ரொம்ப நேரம் அங்கேயே இருக்காதீர்கள், சீக்கிரம் மறுகரைக்குப் போய்விடுங்கள். நிலைமை கையில் இருந்தால், இது யாருக்கு நடந்தால் அதிகம் வலிக்கும் என்று கேளுங்கள். ஆள் கையில் இருந்தால், இவர் எதை விட்டுக்கொடுக்க மாட்டாரோ அதைக் கேட்டு வாங்குகிற நிலைமை எது என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும். நமக்குப் பிடித்த ஆளை நாமே கஷ்டத்தில் கொண்டுபோய் விடுகிறோம். நான் சபாபதி விஷயத்தில் பன்னிரண்டு பக்கம் தயங்கியது அதனால்தான். அவரைக் காபியும் நோட்டுமாக நிம்மதியாக உட்கார வைத்திருந்தேன்.

பல மாதங்கள் கழித்து உறையைப் பிரித்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். சபாபதி எதை விட்டுக்கொடுக்க மாட்டார்? கணக்கை. ஒரு பைசா பிசகாதவர் என்ற பெயரை. அதை யார் கேட்டால் அவரால் மறுக்க முடியாது? மேலதிகாரியை வைத்துப் பார்த்தேன். அவரிடம் நோட்டைக் காட்டி ஜெயித்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர், மகன், எல்லோரிடமும் ஜெயித்துவிடுவார். கடைசியில் அவர் மனைவி மரகதம் வந்து நின்றார். அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருக்கிறது. துவரம்பருப்பு டப்பாவில் 500 ரூபாய் வைத்திருந்தேன், காணோம், நீங்கள்தான் எடுத்தீர்கள் என்கிறார். அப்படி ஒரு 500 ரூபாய் அந்த டப்பாவில் இருந்ததே இல்லை.

சபாபதி மூன்று நாள் நோட்டைப் புரட்டுகிறார். மாதவாரியாகக் கூட்டிக் காட்டுகிறார். மரகதம் நோட்டைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைப் பார்க்கிறார். "அம்பது வருஷமா கூட இருந்துட்டு என்கிட்டயே எடுத்துட்டீங்களே" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறார்.

நாலாம் நாள் ராத்திரி சபாபதி விளக்கைப் போடாமல் எழுந்திருக்கிறார். பென்ஷன் பணத்திலிருந்து 500 ரூபாய் நோட்டு ஒன்றை விரல் நுனியால் தடவி எடுத்து, நாலாக மடித்து, பருப்புக்கு அடியில் செருகுகிறார். காலையில் மரகதம் அதை எடுத்துக்கொண்டு வந்து, "நான் சொன்னேன்ல" என்று சிரிக்கிறார். ஆமாம் என்று சபாபதி தலையாட்டுகிறார்.

அதற்கப்புறம் அவர் வழக்கம்போல நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். பால் எழுதினார், கீரை எழுதினார். அந்த 500 ரூபாயை எந்தப் பெயரில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பழைய பன்னிரண்டு பக்கங்களில் நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கறிவேப்பிலை வரி ஒன்றைத்தான்.